‘புட் அப் வித்’ என்றால் என்ன அர்த்தம்

போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டுச் சுகன்யா தன் வாசலைப் பினாயில் ஊற்றிக் கழுவினாள். நாய் ஏதோ அசிங்கம் பண்ணிவிட்டதாம். நான் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பினாயில் வாசனை மூக்கில் ஏறினால் என் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். பதினாறு வருடம் அந்த வாசனைக்குள்ளேயே இருந்தவள். ஒவ்வொருவருக்கும் பழைய நாளை ஞாபகப்படுத்த ஒரு வாசனை உண்டு, மல்லிகை, மண், மாம்பழம் என்று. எனக்குப் பினாயில். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

சுகன்யா பள்ளிப்பட்டில் நெசவுக்காரர் வீட்டுப் பெண். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, அரசாங்கப் பரீட்சை எழுதப்போகிறேன் என்று வேலை செய்துகொண்டே செல்போனில் பாடம் கேட்பாள். துடைப்பம் கையில், போன் ஜன்னல் கம்பியில். அதற்குள் ஒரு வாத்தியார் இங்கிலீஷை இறைத்துக்கொண்டே இருப்பார். கூரையில் மழை விழுகிற மாதிரி எனக்கு அது சத்தம்தான், பேச்சு இல்லை. அன்றைக்கு மட்டும் பேச்சாகக் கேட்டது. ஏனென்றால் எனக்கு இந்த உலகத்தில் தெரிந்த ஒரே இங்கிலீஷை அந்த வாத்தியார் சொன்னார். ‘புட் அப் வித்.’

தெரியாத ஊர் பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். “சுகன்யா, இது எனக்குத் தெரியும்டி!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. யாராவது நேராகப் பார்த்தாலே எனக்கு முந்தானை நுனி வாய்க்குப் போய்விடும்.

“இன்னா பெரிம்மா தெரியும்?”

“புட் அப் வித். நல்லா பாத்துக்கறது. கண்ணுல வெச்சு ஒருத்தரைக் காப்பாத்தறது.”

சுகன்யா துடைப்பத்தின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள். “அய்ய, யாரு சொன்னது உனுக்கு? பாத்துக்கறது வேற. இது பொறுத்துக்கறது. புடிக்காது, ஆனா தப்பிக்க வழியில்ல, சகிச்சுகினு கெடக்கணும். இப்போ எங்க மாமியா வாயி கீதே, அத நான் புட் அப் வித் பண்றேன். கொசுவ பண்றேன். கரண்டு போனா அத பண்றேன்.”

உள்ளேயிருந்து அவள் மாமியார், “இன்னாடி அங்க, என் பேரு அடிபடுது?” என்றாள்.

“ஒண்ணுமில்ல அத்தே, இங்கிலீஷு படிக்கறேன்!”

நான் அவளை மூன்று முறை சொல்லச் சொன்னேன். மூன்று முறையும் அதையேதான் சொன்னாள். கொசு, கரண்டு, மாமியார். கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். உள்ளே என் டிரங்குப் பெட்டி பாதி அடுக்கித் திறந்து கிடந்தது. மகள் ரேணுகா சென்னையில் இருக்கிறாள், அம்பத்தூர் பக்கம். “அங்க ஒண்டியா இன்னா பண்ற? வீட்ட காலி பண்ணிட்டு வந்துடு. நான் பாத்துக்கறேன்” என்று இரண்டு மாதமாகச் சொல்லி, நானும் ஒப்புக்கொண்டு, செவ்வாய்க்கிழமை கிளம்புவதாக இருந்தது. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். போவதா வேண்டாமா என்று அதுவரை எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

நான் கே.ஜி.கண்டிகையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கரும்பு வெட்டப் போன இடத்தில் வீட்டுக்காரர் பாம்பு கடித்துச் செத்துப்போனபோது ரேணுகாவுக்கு மூன்று வயது. அவளுக்கு ஐந்து ஆனபோது, மலைக்குப் போகிற சாலையில் ஒரு பழைய நெல் மண்டியை வெள்ளையடித்து இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். நடத்திய அம்மாளை எல்லோரும் பெரிய மிஸ் என்போம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, காதில் ஒற்றைக் கல். அங்கே கூட்டித் துடைத்துக் கக்கூஸ் கழுவும் ஆயாவாகச் சேர்ந்தேன். என் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளக் கேட்பதற்கு எனக்கு நாலு மாதம் பிடித்தது. அவர்கள் அறை வாசல் வரை போவேன், அங்கே எதையாவது துடைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்த வாசல் அளவுக்குப் பளபளப்பான வாசல் ஊரிலேயே கிடையாது.

கடைசியில் கேட்டேன். சரி என்றார்கள். ஆனால் ஒன்று சொன்னார்கள்.

“இங்க நீ ஆயா, அவ ஸ்டூடண்ட். கேட்டுக்குள்ள அவ உன்ன அம்மான்னு கூப்புடக் கூடாது. மத்த பேரன்ட்ஸ் காதுல விழுந்தா, ஆயா பொண்ணு பக்கத்துலயா எங்க புள்ள ஒக்கார்றதுன்னு கேப்பாங்க. ஒரு நாள் கூப்புட்டாலும் சீட்டு கிடையாது.”

நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து ரேணுகாவை மடியில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். கேட்டுக்குள்ளே போனால் நான் ஆயா, வெளியே வந்தால்தான் அம்மா. குழந்தைக்கு அது விளையாட்டாக இருந்தது. சாயங்காலம் கேட்டைத் தாண்டி இரண்டு கடை போவதற்குள் ஆரம்பிப்பாள். அம்மா, அம்மா, அம்மா, அம்மா என்று குளக்கரை வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவாள். சொல்வதற்கு விஷயம் ஒன்றும் இருக்காது. பகலெல்லாம் சேர்ந்துபோனதை இறக்கிவைக்கிறாள், அவ்வளவுதான். “வாய் வலிக்கப் போவுதுடி” என்பேன். “இன்னும் பத்து தபா பாக்கி கீது” என்பாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பலகை இருந்தது. முழ நீளம், கறுப்புச் சாயம், இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுச் சணல் கயிறு. வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். நான் கழுதை என்று அர்த்தமாம், பிள்ளைகள்தான் சொன்னார்கள். தமிழிலோ தெலுங்கிலோ யார் பேசினாலும் அது கழுத்தில் ஏறும். அடுத்தவர் பேசி மாட்டுகிற வரை இறங்காது. கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளை கேட் பக்கத்தில் நிற்கவேண்டும், எல்லாத் தாய் தகப்பனும் வந்து தங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவரைக்கும். அதனால் பலகை மாட்டிய பிள்ளை மற்றவர்களை ஓடி ஓடிக் கிள்ளும். கிள்ளினால் வாயைத் திறந்து தமிழில்தானே அழும்.

வகுப்புக்குள் மிஸ்கள் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீர்க் குழாயடிக்கும் கக்கூஸ் பக்கத்துக்கும் பெரிய மிஸ் என்னைக் காவல் போட்டார்கள். “எனக்கு இங்கிலீஷ் வராதே மிஸ்” என்றேன். “அதனாலதான் உன்ன போடறேன். அவங்க பேசறது புரியலன்னா விட்டுடு. புரிஞ்சா புடிச்சுக் குடு” என்றார்கள். இதைவிடச் சுலபமான வேலை உண்டா? எனக்குத் தெலுங்கும் தெரியும் என்பது அந்தப் பிள்ளைகளின் கெட்ட காலம்.

இதை எழுதத்தான் வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. தொட்டிக்குப் பின்னால் துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பேன். ஒரு பையன் இன்னொருவனிடம் “மூத்திரம் வருதுடா, வழி உடு” என்பான். எழுந்து போய்ப் பலகையை மாட்டுவேன். பொட்டுப்போல இருந்த எல்.கே.ஜி. பிள்ளை கூட என் காலைக் கட்டிக்கொண்டு “ஆயா, ஆயா, ப்ளீஸ் ஆயா” என்று கெஞ்சும். மாட்டுவேன். வீட்டில், தெருவில், கடையில் நான்தான் எல்லோருக்கும் பயந்தேன். என்னைக் கண்டு பயந்தவர்கள் உலகத்தில் அந்தப் பிள்ளைகள் மட்டும்தான். அதன் ருசி எனக்குத் தெரியும்.

ரேணுகாவை நான் பிடித்ததே இல்லை. அவள் பிடிபடவும் மாட்டாள், கெட்டிக்காரி. நாலாம் வகுப்பு வந்தபோது மிஸ்களைப் போலவே மூக்கால் இங்கிலீஷ் பேசினாள்.

அது ஆடி மாதம். மலையிலிருந்து அரோகரா சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது, ரோடெல்லாம் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் காவடிக் கூட்டம். மதியச் சாப்பாட்டு மணிக்குப் பிள்ளைகள் குழாயடியில் முட்டிக்கொண்டார்கள். பாசியை நான் காலையில் தேய்த்திருக்கவேண்டும், தேய்க்கவில்லை. ரேணுகா வழுக்கி விழுந்தாள். தொட்டி விளிம்பு தாடையில் பட்டுக் கிழிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தவள் என்னைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டி, “அம்மா!” என்று கத்தினாள்.

பிள்ளைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து பலகை மாட்டியிருந்தவள் ஒரு நெட்டைப் பெண். பலகையைக் கழற்றி என் கையில் திணித்தாள். “ஆயா, ஷீ ஸ்போக் டமில்! போர்டு, ஆயா!”

“போர்டு! போர்டு!” என்று எல்லோரும் கை தட்டினார்கள். நான் எத்தனை பிள்ளைகளுக்கு மாட்டியிருக்கிறேன், அவர்களுக்கும் ஒரு நாள் வரவேண்டாமா?

மாடி ஜன்னலைப் பார்த்தேன். பெரிய மிஸ் நின்றிருந்தார்கள். காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

விழுந்தால் எந்தப் பிள்ளையும் அம்மா என்றுதானே கத்தும், அது என்னைக் கூப்பிட்டதாகாது என்று காட்டவேண்டும். அதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. மற்றப் பிள்ளைகளுக்குச் செய்வதை இவளுக்கும் செய்யவேண்டும். செய்தேன். நீட்டிய கைகளுக்கு நடுவில் குனிந்து கயிற்றைக் கழுத்தில் போட்டேன். பிறகுதான் முந்தானையால் தாடையை அழுத்தினேன். பெரிய மிஸ் ஜன்னலை விட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு மதியம் முழுக்க அவள் யாரையும் கிள்ளவில்லை. பலகையை யாருக்கும் தள்ளிவிடப் பார்க்கவில்லை. கடைசி மணிக்குத் தாடையில் பஞ்சோடு கேட்டில் போய் நின்றாள். கேட்டைத் திறந்து பிடிப்பது என் வேலை. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். கூட்டிப்போக வந்த ஒரு தகப்பன் தன் பையனிடம் “பாத்தியா, ஒயுங்கா இங்கிலீஷு பேசலன்னா இந்த மாதிரிதான்” என்று சொல்லிக்கொண்டு போனார். நான் அவருக்குக் கேட்டை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டேன்.

குளக்கரை வரைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லை. “வலிக்குதாடி?” என்றேன். “நோ” என்றாள்.

அடுத்த வாரம்தான் அந்த இங்கிலீஷ் வந்தது. லதா மிஸ் என்று ஒருவர், சின்னப் பெண், தினமும் போர்டில் ஒரு சொல்லை எழுதி, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்வார். அன்றைக்கு நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். பினாயில் வாளியோடு போய்க் குந்தித் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வரிசையாக எழுந்து சொன்னார்கள். என்னவோ ஹீட், என்னவோ நாய்ஸ் என்று. ரேணுகா முறை வந்தது. எழுந்து, என்னைக் குனிந்து பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“ஐ புட் அப் வித் அவர் ஆயா.”

வகுப்பே சிரித்தது. லதா மிஸ்ஸும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, “வெரி குட்” என்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் துணியைக் கீழே போட்டுவிட்டு, ஈரக் கையோடு தட்டினேன். என் பெண் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று என்னைப் பற்றி இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டாளே! பலகை விஷயத்தை மறந்துவிட்டாள், மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். லதா மிஸ் நான் தட்டுவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அதைக்கூட நான் கவனித்தேன். அர்த்தம்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் சேமியா பாயசம் வைத்தேன். டம்ளரைக் கையில் கொடுத்து, “அது இன்னாடி சொன்ன, புட் அப் வித்? அப்படின்னா இன்னா?” என்று கேட்டேன். டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு பாயசத்தை ஊதி ஆற்றினாள். பிறகு, “பாத்துக்கறது. நல்லா பாத்துக்கறது” என்றாள்.

பாயசம் முழுவதையும் குடித்தாள். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் அந்தச் சொல்லை நான் விட்டேனா? அவளுக்குத் தலை வாரும்போது “ஐ புட் அப் வித் யூ” என்பேன். காய்ச்சலில் கிடந்தால் நெற்றியில் துணி போட்டுக்கொண்டு அதையே சொல்வேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பன்னிரண்டாவது பாஸ் பண்ணினபோதும், சென்னைக்கு வேலைக்குப் போக பஸ் ஏறினபோதும் ஜன்னல் வழியாகச் சொன்னேன். பஸ்ஸில் இருந்த ஒரு காலேஜ் பையன் திரும்பிப் பார்த்தான். என் இங்கிலீஷைப் பார்த்து அசந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா ஆபீஸ் உத்தியோகம், அவர்கள் எதிரில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏதாவது பேசவேண்டுமே என்று, “தகப்பன் இல்லாத புள்ள. இத்தினி வருஷமா ஐ புட் அப் வித் ரேணுகா” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் ரேணுகாவைப் பார்த்தார். ரேணுகா தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டு, “இனிமே அந்த வேல எனக்கு, அத்த” என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கல்யாணம் முடிந்த மறுநாள் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, மலையில் முடி இறக்கினேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. சந்தனம் பூசிய தலையோடு கீழே வந்து, பார்த்தவர்களிடமெல்லாம் “மாப்ள பாத்துக்குவாரு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு ரேணுகா போன் பண்ணுவாள். தவறவே மாட்டாள். இந்த ஞாயிறும் பண்ணினாள்.

“பெட்டி கட்டிட்டியா? செவ்வாக்கெழம காலைல அவரு கார் எடுத்துனு வரேன்னாரு. பாய் தலகாணியெல்லாம் தூக்கினு வராத.”

“ரேணு, புட் அப் வித்னா இன்னா?”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொன்று அடித்தது.

“யாரு சொன்னது?”

“சுகன்யா போன்ல ஒரு வாத்தியாரு.”

“ம்.”

“கொசு மாதிரியாடி நானு?”

“எனுக்கு அப்போ ஒம்போது வயசு.”

“அப்பறம் முப்பது வருஷம் இருந்துச்சே. ஒரு நாள் சொல்லியிருக்கலாம் இல்ல? சம்பந்தி முன்னாடியெல்லாம் சொன்னேனே.”

“நீ கை தட்டின. அதுக்கப்பறம் நான் இன்னாத்த சொல்றது?” குரல் ஏறவில்லை. காய்கறி விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். “ரத்தம் ஒழுகிகினு உன்னப் பாத்து கைய நீட்டினேன். நீ ரத்தத்தப் பாக்கல. மேல ஜன்னலப் பாத்த.”

“சீட்டு போயிடும்னுதான்டி...”

“தெரியும். சீட்டு போவல, படிச்சேன், வேலைக்குப் போனேன், எல்லாம் தெரியும். எனக்கும் புள்ள கீறான். தெரிஞ்சாலும் அது போவ மாட்டேங்குது.” மூன்றாவது விசில். “வரியா, வரலியா?”

“வந்தா?”

“வந்தா இன்னா? இத்தினி வருஷமா பண்ணதத்தான் பண்ணப் போறேன். வா.”

ஆங் என்றேன். வேறு என்ன சொல்வது? கண்ணு மங்கிவிட்டது, முட்டி மடங்கவில்லை, அடுத்த மாதம் இந்த வீட்டுக்கு வேறு ஆள் வரப்போகிறார்கள். மிச்சப் புடவையையும் பெட்டியில் அடுக்கினேன்.

நேற்றுக் கடைசியாக ஒரு முறை அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடம் எப்போதோ போய்விட்டது. மலைக்கு வருகிறவர்கள் தங்குகிற லாட்ஜ் நிற்கிறது. குழாயடி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். வாசலில் பினாயில் வாசனை மட்டும் அப்படியே இருந்தது, யாரோ ஒருத்தி குந்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய மிஸ் செத்துப்போனார்கள். லதா மிஸ் எங்கே என்று தெரியாது. பள்ளிக்கூடத்தை மூடினபோது பலகையை யாரும் கேட்கவில்லை, நான்தான் எடுத்து வந்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். பழைய மரம், நன்றாக எரிந்தது.

ரேணுகா என்னை இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இந்தா’ என்பாள், ‘இங்க பாரு’ என்பாள். போனை எடுத்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள். குளக்கரை வரைக்கும் சொன்னாளே, அந்தப் பத்து தடவை பாக்கி அப்படியே நின்றுவிட்டது. குழாயடியில் விழுந்தபோது கூப்பிட்டதுதான் கடைசி. முழுத் தொண்டையில், மாடிக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். நானும் போனேன். கையில் பலகையோடு போனேன்.